நியூஜெர்சி ரீஜனல் ஹைஸ்கூலில் பிள்ளையைச் சேர்க்க: ஊரில் பெட்டி கட்டும்போதே தொடங்க வேண்டிய வேலைகள்

2025 ஆகஸ்ட் மூன்றாம் வாரம் கோவையிலிருந்து குடும்பத்தோடு நியூஜெர்சி வந்து இறங்கினோம். மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்தவள், மகன் ஐந்து முடித்தவன். செப்டம்பர் முதல் வாரம் பள்ளி திறந்தது. மூன்றாம் நாளே மகன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். மகள் வகுப்பில் போய் உட்கார செப்டம்பர் கடைசி வாரம் ஆனது. நடுவில் அவள் தினமும் காலையில் ஜன்னல் பக்கம் நின்று மஞ்சள் பேருந்து போவதைப் பார்ப்பாள். நான் பார்க்காத மாதிரி காபி போடப் போய்விடுவேன்.

தப்பில் பாதி என்னுடையது. மீதி, எந்த வேலையை எதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று யாரும் வரிசையாகச் சொல்லாதது. அந்த வரிசைதான் இந்தக் கட்டுரை. எச்-4, எல்-2 விசாவில் பெற்றோரோடு வரும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மாணவர் விசாவான எஃப்-1-இல் வருவோருக்கு அரசுப் பள்ளியில் 12 மாதம்தான், அதுவும் முழுக் கட்டணம் செலுத்தி. அது வேறு கதை.

1. உங்கள் வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

சிரிக்காதீர்கள். நான் வழுக்கி விழுந்த முதல் இடம் இதுதான். நியூஜெர்சியில் தபால் முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயர் வேறு, நீங்கள் எந்த ஊராட்சியின் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்பது வேறு. பிரின்ஸ்டன் என்று தபால் வரும் வீடுகளில் பல உண்மையில் வெஸ்ட் வின்ட்சர், பிளெய்ன்ஸ்பரோ, சவுத் பிரன்ஸ்விக், லாரன்ஸ் எல்லைகளில் இருக்கின்றன. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்பதை முடிவு செய்வது எல்லை, தபால்காரர் அல்ல. வாடகை விளம்பரத்தில் இருந்த ஊர்ப் பெயரை நம்பி அந்த ஊரின் பள்ளி அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அம்மா முகவரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் எங்கள் ஆள் இல்லை" என்று பணிவாகச் சொல்லி அனுப்பினார். நான்கு நாள் போனது.

அடுத்தது, ரீஜனல் என்ற சொல். சின்னச் சின்ன ஊர்கள் தனித்தனியே ஹைஸ்கூல் நடத்தாமல், சேர்ந்து ஒன்றை நடத்தும் ஏற்பாடு இது. இதில் இரண்டு வகை உண்டு, எது உங்களுடையது என்று தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

வெஸ்ட் வின்ட்சர்–பிளெய்ன்ஸ்பரோ மாதிரி இடங்களில் கிண்டர்கார்டன் முதல் 12 வரை இரண்டு ஊருக்கும் ஒரே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்). அங்கே பிள்ளைகள் எல்லோருக்கும் பதிவு ஓரிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஹைஸ்கூல் இரண்டு, நார்த், சவுத் என்று. எது உங்களுக்கு என்பதை வீட்டு முகவரிதான் சொல்லும்.

இன்னொரு வகை, 9 முதல் 12 வரை மட்டும் பொதுவாக நடத்துவது. ஹண்டர்டன் சென்ட்ரல் அப்படி: ஃபிளெமிங்டன், ராரிடன் டவுன்ஷிப், ரெடிங்டன், டெலவேர் டவுன்ஷிப், ஈஸ்ட் ஆம்வெல் என ஐந்து ஊருக்கும் ஒரே ஹைஸ்கூல். ஃப்ரீஹோல்ட் ரீஜனல் இன்னும் பெரியது, எட்டு ஊர், ஆறு ஹைஸ்கூல். இந்த வகையில் எட்டாம் வகுப்பு வரை உங்கள் ஊர் டிஸ்ட்ரிக்ட், ஒன்பதிலிருந்து ரீஜனல் டிஸ்ட்ரிக்ட். இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு படிவம், வேறு நாட்காட்டி. நாங்கள் இந்த வகையில் மாட்டினோம். தம்பிக்குக் கொடுத்த காகிதங்களே அக்காவுக்கும் போதும் என்று இருந்துவிட்டேன். அக்காவின் பள்ளிக்கு அப்படி ஒரு பெண் ஊரில் இருப்பதே தெரியாது.

வீடு பார்க்கும்போதே டவுன்ஷிப் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, தெருப் பெயரும் கதவு எண்ணும் சொல்லி, "இது உங்கள் எல்லையா? ஹைஸ்கூல் எது?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடம். பிறகு அந்தப் பள்ளியின் பதிவு அலுவலகத்துக்கும் ஒரு போன். லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) கையெழுத்துப் போடும் முன்பே இரண்டையும் செய்யுங்கள்.

2. ஊரில் வாங்க வேண்டிய காகிதங்கள்

இங்கே வந்தபின் இவற்றை வாங்க, அங்கே ஒரு மாமாவோ சித்தப்பாவோ பள்ளி வாசலில் நிற்க வேண்டிவரும். கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

மதிப்பெண் பட்டியல்: கடைசி மூன்று வருடத்துக்கு. பிள்ளை பத்தாம் வகுப்பின் நடுவில் கிளம்புகிறது என்றால் அதுவரை எழுதிய தேர்வுகளின் மதிப்பெண்ணும் சேர்த்து. பள்ளியின் லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், தலைமை ஆசிரியர் கையெழுத்து, முத்திரையோடு இருக்கட்டும். இரண்டு பிரதி கேளுங்கள், ஒன்று உறையில் ஒட்டி முத்திரை வைத்தது.

மதிப்பெண்ணுக்கு விளக்கம்: இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் கணக்கில் 78 என்றால் நல்ல மதிப்பெண். இங்கே 78 என்றால் சி பக்கம். எத்தனைக்கு எத்தனை, தேர்ச்சி எவ்வளவு, வகுப்பில் பிள்ளையின் இடம் எங்கே என்று தலைமை ஆசிரியர் நான்கு வரி எழுதித் தந்தால் கவுன்சிலர் (பிள்ளையின் பாடங்களை முடிவு செய்ய உதவும் பள்ளி அலுவலர்) படிப்பார். எங்களிடம் அது இருந்தது. இந்த விஷயத்தில் மட்டும் என்னை நானே பாராட்டிக்கொள்கிறேன்.

பாடப்புத்தகப் பொருளடக்கம்: ஒன்பது, பத்து கணக்கு, அறிவியல் புத்தகங்களின் பொருளடக்கப் பக்கத்தை போனில் படம் எடுத்து வையுங்கள். தமிழ்வழியில் படித்த பிள்ளை என்றால் ஆங்கிலவழிப் புத்தகத்தின் பக்கத்தை. எதற்கு என்று 6-ஆம் படியில் சொல்கிறேன்.

டி.சி.: இங்கே அதை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் வாங்கி வையுங்கள், திரும்பிப் போனால் தேவைப்படும்.

பிறப்புச் சான்றிதழ்: பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறந்த கையோடு வாங்கிய சான்றிதழில் பெயர் இடம் காலியாகவே இருப்பது நம் ஊரில் சாதாரணம். பாஸ்போர்ட்டே வயதுக்குச் சான்றாகப் போதும்தான், ஆனால் பெயரில்லாத சான்றிதழை நீட்டினால் பத்து கேள்வி வரும்.

பெயர் விஷயத்தில் ஒரு வார்த்தை. நமக்கு இனிஷியல், இவர்களுக்குக் கடைசிப் பெயர். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் காலியாக இருந்தால், விசாவில் முதல் பெயர் இடத்தில் "எஃப்.என்.யூ." (முதல் பெயர் தெரியாது) என்று போட்டு, பிள்ளையின் பெயரைக் கடைசிப் பெயராக்கிவிடுவார்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் பள்ளி, மருத்துவர், காப்பீடு மூன்றிலும் விசாவில் இருக்கிறபடியே எழுதுங்கள். ஒன்றில் அப்பா பெயரைச் சேர்த்து, இன்னொன்றில் விட்டுவிட்டால் தடுப்பூசிக் காகிதம் ஒரு பிள்ளைக்கும் பதிவு வேறொரு பிள்ளைக்கும் போய்விடும். வகுப்பில் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எழுத படிவத்தில் தனி இடம் உண்டு, அங்கே வீட்டுப் பெயரை எழுதலாம்.

3. தடுப்பூசி: எல்லாரையும் நிறுத்தி வைக்கும் இடம்

பொறுமையாகப் படியுங்கள், மூன்று வாரம் இங்கேதான் போனது.

ஹைஸ்கூலில் சேர நியூஜெர்சி கேட்பவை: போலியோ, எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா), ஹெபடைடிஸ் பி மூன்று தவணை, சின்னம்மை, டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமல்), மூளைக்காய்ச்சலுக்கான மெனிங்கோகாக்கல். ஒவ்வொன்றும் தேதியோடு வேண்டும். "எல்லாம் போட்டாச்சு" என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதம் செல்லாது.

நம் பிள்ளைகளுக்கு எங்கே இடிக்கும்?

அரசுத் திட்டத்தில் போட்டவர்களுக்குச் சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி, மெனிங்கோகாக்கல் மூன்றுமே இருக்காது. அந்தத் திட்டத்தில் அவை இல்லை. சின்னம்மை ஏற்கெனவே வந்து போயிருந்தால் மருத்துவர் குறிப்போ ரத்தப் பரிசோதனை முடிவோ காட்டலாம்.

பத்து வயதில் நம் ஊரில் போடுவது டி.டி., இங்கே கேட்பது டிடாப். டி.டி.யில் கக்குவான் இருமலுக்கான பகுதி இல்லை, அதனால் பெரும்பாலும் இன்னொரு ஊசி உண்டு.

ஒன்பதாம் மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசி இங்கே கணக்கில் வராது. முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதுதான் சேரும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டார்களே, நினைவிருக்கிறதா? அதற்கு ஒரு அட்டை தந்தார்கள். என் மகளின் அட்டை எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. உங்கள் வீட்டில் இருந்தால் பத்திரமாக எடுத்து வாருங்கள்.

தேதி. ஐயோ, தேதி. நாம் நாள், மாதம், வருடம் என்று எழுதுவோம். இவர்கள் மாதம், நாள், வருடம். மகள் பிறந்தது 2010 செப்டம்பர். ஆறு வாரத்தில் போட்ட ஊசி அட்டையில் 01/11/2010 என்று இருந்தது. பள்ளி நர்ஸ் அதை ஜனவரி 11 என்று படித்தார். பிறப்பதற்கு எட்டு மாதம் முன்பே ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை! அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், ஆனால் காகிதம் திரும்பி வந்துவிட்டது. ஊரை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் குழந்தைகள் மருத்துவரிடம் போய், எல்லா ஊசியையும் மாதத்தை எழுத்தில் எழுதி ("1 நவம்பர் 2010" என்று ஆங்கிலத்தில்) ஒரே பக்கத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். முடிந்தால் விட்டுப்போன ஊசிகளையும் அங்கேயே போட்டுவிடுங்கள். மெனிங்கோகாக்கல் விலை அதிகம்தான், போகட்டும். எம்.எம்.ஆரும் சின்னம்மையும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே 28 நாள் இடைவெளி வேண்டும்.

கடைசியாக டி.பி. (காசநோய்) பரிசோதனை. இந்தியாவிலிருந்து நேரே வரும் மாணவர்களுக்கு இது உண்டு. இங்கே மூன்று குழிகள், மூன்றிலும் நாங்கள் விழுந்தோம்.

முதல் குழி: தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பரிசோதனையை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காட்டிப் படிக்க வேண்டும். வியாழக்கிழமை போட்டால் சனி, ஞாயிறில் கிளினிக் பூட்டியிருக்கும். எங்களுக்கு வியாழக்கிழமைதான் போட்டார்கள். திரும்பவும் முதலிலிருந்து.

இரண்டாவது: நம் பிள்ளைகள் பிறந்ததும் டி.பி.க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். அதனால் நோய் இல்லாமலேயே தோல் பரிசோதனை தடித்துக்கொண்டு நிற்கலாம். பிறகு எக்ஸ்ரே, இன்னொரு சந்திப்பு. முதலிலேயே "பி.சி.ஜி. போட்டிருக்கிறது, ரத்தப் பரிசோதனை எடுங்கள்" என்று கேளுங்கள். ஒரே முறை ரத்தம் கொடுத்தால் போதும், திரும்பப் போய்க் காட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது: எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசி போட்டுவிட்டால் டி.பி. பரிசோதனையை அன்றே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். "இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

இதோடு உடல் பரிசோதனைப் படிவம் ஒன்றும் உண்டு, இங்குள்ள மருத்துவர் நிரப்ப வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் புது நோயாளிக்கு நாள் கிடைப்பது குதிரைக்கொம்பு. விமான டிக்கெட் எடுத்த அன்றே, ஊரிலிருந்தே போன் செய்து வந்திறங்கும் வாரத்துக்கு நாள் வாங்குங்கள். ஆனால் காப்பீடு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். காப்பீடு இருந்தால் பெரும்பாலும் தடுப்பூசிக்குக் காசு இல்லை. காப்பீடே இல்லாத 18 வயது வரையான பிள்ளைகளுக்கு இலவசத் தடுப்பூசித் திட்டம் ஒன்று உண்டு, கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறையில் கேளுங்கள்.

எனக்கு ரொம்பத் தாமதமாகத் தெரிந்த ஒன்று: வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தடுப்பூசிக் காகிதம் சேர்க்க 30 நாள் அவகாசம் தர இந்த மாநிலத்தில் விதி இருக்கிறது. மகனின் பள்ளி தானாகவே அதைத் தந்தது. மகள் விஷயத்தில் நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கேளுங்கள்.

4. இந்த ஊரில்தான் குடியிருக்கிறோம் என்பதற்குச் சான்று

கையெழுத்தான லீஸ், அதில் பிள்ளையின் பெயரும் குடியிருப்பவர் பட்டியலில். கரன்ட் பில் அல்லது இன்டர்நெட் பில். வங்கிக் கடிதம். பொதுவாக லீஸோடு இரண்டு, மூன்று காகிதம் கேட்பார்கள். வந்த வாரமே கரன்ட் இணைப்பை உங்கள் பெயரில் மாற்றுங்கள். பில் வராவிட்டாலும் இணைப்பு தொடங்கிய கடிதத்தைப் பல இடங்களில் ஏற்கிறார்கள். ஓட்டுநர் உரிமம் இல்லையே என்று பயப்பட வேண்டாம், பாஸ்போர்ட் போதும்.

நண்பர் வீட்டிலோ கம்பெனி கொடுத்த தற்காலிக வீட்டிலோ தங்கியிருந்தால், வீட்டுக்காரர் பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரி முன் கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய லீஸும் பில்லும் கூடவே. நோட்டரி கட்டணம் இந்த மாநிலத்தில் சட்டப்படி 2.50 டாலர். கணக்கு வைத்திருக்கும் வங்கியில் பெரும்பாலும் இலவசம்.

தற்காலிக வீடு ஒரு எல்லையிலும், பிறகு போகப்போகும் வீடு இன்னொரு எல்லையிலும் இருந்தால் பிள்ளை இரண்டு முறை பள்ளி மாற வேண்டிவரும். முடிந்தால் இரண்டும் ஒரே ரீஜனலுக்குள் இருக்கட்டும். ஒரே ஹைஸ்கூல் இருக்கும் ரீஜனல் என்றால் ஊர் மாறினாலும் பள்ளி மாறாது, ரீஜனலில் நமக்குக் கிடைக்கும் வசதி அது ஒன்றுதான் என்று சில நாள் தோன்றும்.

சோஷியல் செக்யூரிட்டி எண்ணை (அமெரிக்க அரசு தரும் தனி எண்) கொடுத்தால்தான் சேர்ப்போம் என்று பள்ளி சொல்லக்கூடாது. விசா நிலையைக் காட்டியும் தடுக்கக்கூடாது, எஃப்-1 தவிர. படிவத்தில் அந்த இடம் இருந்தால் காலியாக விடுங்கள்.

5. பதிவு

எல்லாம் கையில் இருந்தால் இது சின்ன வேலை. ஆன்லைனில் படிவம், காகிதங்களைப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றுதல், பிறகு ஒரு சந்திப்பு. பதிவு அலுவலகம் கோடையிலும் திறந்திருக்கும், ஆனால் கவுன்சிலர்கள் ஜூலையில் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்புவார்கள். எங்கள் விஷயத்தில் செப்டம்பரில் யூதப் புத்தாண்டு விடுமுறை வேறு குறுக்கே வந்தது. பள்ளி நாட்காட்டியைப் பார்த்துவிட்டு நாள் கேளுங்கள்.

படிவத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு கேள்வி இருக்கும். "தமிழ் என்று எழுதாதே, பிள்ளையை இங்கிலீஷ் தெரியாதவர்கள் வகுப்பில் போட்டுவிடுவார்கள்" என்று பலர் சொன்னார்கள். எதிர்வீட்டு மதுரை அக்கா மட்டும், "தம்பி, இருக்கறதை எழுதுங்க, புள்ள பரீட்சை எழுதிட்டு வந்துரும்" என்றார். தமிழ் என்றே எழுதினேன். ஒரு ஆங்கிலத் தேர்வு வைத்தார்கள், மகள் அன்றே தேறினாள். தமிழ்வழியில் படித்து, பேச்சு ஆங்கிலம் தட்டுகிற பிள்ளையாக இருந்தால் அந்த உதவி வகுப்பு உண்மையிலேயே நல்லது. பொய் எழுதி அதை இழக்காதீர்கள்.

6. கவுன்சிலரோடு ஒரு மணி நேரம்: இங்கே அவசரப்படாதீர்கள்

மூன்று வாரம் அலைந்த களைப்பில், "சேர்த்தால் போதும்" என்ற மனநிலையில்தான் இந்த அறைக்குள் போவீர்கள். அவர் கொடுத்த பாடப்பட்டியலுக்குத் தலையாட்டிவிட்டு வருவீர்கள். பிறகு பிள்ளை நான்கு வருடமும் அதன் பலனைத் தூக்கிச் சுமக்கும்.

பாடங்களை மற்ற பிள்ளைகள் முந்தைய குளிர்காலத்திலேயே தேர்ந்தெடுத்திருப்பார்கள். நமக்கு மிச்சமிருப்பதுதான். அதிலும் கணக்குதான் முக்கியம். நம் ஊரில் கணக்கு என்றால் இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் எல்லாம் கலந்து ஒரே புத்தகம். இங்கே வருடத்துக்கு ஒன்று: அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ். "அல்ஜீப்ரா 1 என்ற பாடம் இந்தப் பட்டியலில் இல்லையே" என்று பார்த்து, பத்தாம் வகுப்புப் பிள்ளையை ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் உட்கார வைக்க நினைப்பார்கள். பொருளடக்கப் படங்களை அப்போது எடுத்துக் காட்டுங்கள். தகுதித் தேர்வு வையுங்கள் என்று கேளுங்கள். மகள் ஒரு மணி நேரத் தேர்வு எழுதி அல்ஜீப்ரா 2 ஹானர்ஸில் (கடினமான பிரிவில்) சேர்ந்தாள்.

அறிவியலும் அப்படித்தான்: ஒரு வருடம் உயிரியல், ஒரு வருடம் வேதியியல், ஒரு வருடம் இயற்பியல். நம் பிள்ளைகள் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்தவர்கள். இதில் நான் வாதாடவில்லை. உயிரியலைத் தவிர்த்துவிட்டுக் குதிப்பதில் லாபம் இல்லை.

ஹைஸ்கூல் பட்டம் வாங்க மாநிலம் கேட்பது குறைந்தது 120 கிரெடிட் (முடித்த பாடத்துக்குத் தரும் புள்ளி). ஒரு வருடப் பாடத்துக்கு 5. ஆங்கிலம் 20, கணக்கு 15, அறிவியல் 15, சமூக அறிவியல் 15, கலை 5, தொழில் சார்ந்தது 5, உலக மொழி 5, நிதி அறிவு 2.5. உடற்கல்வி ஒவ்வொரு வருடமும். சமூக அறிவியலுக்குள் அமெரிக்க வரலாறு இரண்டு வருடம் அடக்கம். பதினொன்றாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கு இது நெருக்கும், பன்னிரண்டில் வந்தால் மூச்சு முட்டும். ஊரில் பதினொன்று முடித்திருக்கும் பிள்ளையை இங்கே கொண்டுவந்து சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால், பன்னிரண்டை அங்கேயே முடித்துவிட்டு வரட்டும் என்பதுதான் என் பதில். மனைவிக்கு இதில் உடன்பாடு இல்லை.

கேட்டுவிட்டே எழுந்திருக்க வேண்டிய கேள்விகள்: எங்கள் ஊர் ஒன்பதாம் வகுப்புக்கு எத்தனை கிரெடிட் தருகிறீர்கள்? எழுத்தில் தர முடியுமா? அந்த மதிப்பெண் ஜி.பி.ஏ.வில் (மொத்தச் சராசரியில்) சேருமா, அல்லது தேர்ச்சி என்று மட்டும் வருமா? பாடம் மாற்றக் கடைசித் தேதி எது? பிள்ளையை எந்தக் கிரேடில் போடுகிறீர்கள்? ஒன்பது முடித்தவளை மறுபடி ஒன்பதில் போடப் பார்த்தால், மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு பொறுமையாகப் பேசுங்கள். வெளி நிறுவனத்தில் நூறு, இருநூறு டாலர் செலவழித்து மதிப்பெண்ணை மாற்றி எழுதி வாங்கச் சொல்லி வெளியே யாராவது அறிவுரை சொல்வார்கள். பள்ளி எழுத்தில் கேட்டாலொழிய வேண்டாம்.

உலக மொழியை வகுப்பில் படித்துத்தான் முடிக்க வேண்டும் என்பதில்லை, மொழித் தேர்ச்சியை நிரூபித்தாலும் ஏற்கலாம் என்று விதியில் இருக்கிறது. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை என்றால் இதைக் கேளுங்கள். பல கல்லூரிகள் ஹைஸ்கூலில் தொடர்ந்து ஒரு மொழி படித்திருப்பதை விரும்பும் என்பதால் மகள் ஸ்பானிஷும் எடுத்திருக்கிறாள்.

7. பேருந்து

பல ஊருக்கு ஒரு பள்ளி என்றால் தூரம் அதிகம். காலை 7:30 வாக்கில் பள்ளி தொடங்கிவிடும், பேருந்து அதற்கு ஒரு மணி நேரம் முன்பே தெருமுனைக்கு வரும். ஜனவரியில் அந்த நேரம் கும்மிருட்டு. வீட்டிலிருந்து பள்ளி 2.5 மைலுக்கு மேல் என்றால் ஹைஸ்கூல் மாணவர்களுக்குப் பேருந்து இலவசம், எட்டாம் வகுப்பு வரை 2 மைல். அதற்குள் இருந்தால் சில டிஸ்ட்ரிக்டுகளில் காசு கட்டி இடம் வாங்கலாம், அதற்குக் கோடையிலேயே கடைசித் தேதி முடிந்துவிடும். தாமதமாகச் சேர்ந்தால் வழித்தடத்தில் பெயர் ஏற ஒரு வாரம் ஆகும், அந்த வாரம் கார் வேண்டும். கார் இல்லாத புதுக் குடும்பத்துக்கு இது பெரிய தொல்லை. பக்கத்து வீட்டில் அதே பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

மாலையில் கிளப், விளையாட்டு முடித்து வருபவர்களுக்குத் தாமதப் பேருந்து இருக்கிறதா, எந்தெந்த நாள், உங்கள் ஊருக்கு வருமா என்று தனியாகக் கேளுங்கள்.

8. செலவு

பள்ளிக் கட்டணம் கிடையாது. பாடப்புத்தகத்துக்குக் காசில்லை, மடிக்கணினியும் பெரும்பாலும் பள்ளியே தரும். கைக்காசு போகும் இடங்கள்: கிராஃப் போடும் கால்குலேட்டர் நூறு டாலருக்கு மேல் (பழையது பாதி விலைக்குக் கிடைக்கும், மூத்த மாணவர்களைக் கேளுங்கள்). ஏ.பி. (கல்லூரி அளவிலான பாடம்) தேர்வு ஒவ்வொன்றுக்கும் 100 டாலர் அளவில். அதற்கான பதிவு இலையுதிர்காலத்திலேயே முடிகிறது, மே மாதத் தேர்வுதானே என்று இருந்துவிடாதீர்கள். பல இடங்களில் விளையாட்டில் சேரவும் ஒரு தொகை உண்டு, கூடவே 365 நாளுக்குள் எடுத்த தனி உடல் பரிசோதனைப் படிவம். வந்த வாரம் மருத்துவரிடம் போகும்போதே அந்தப் படிவத்தையும் நிரப்பி வாங்கிவிட்டால் இன்னொரு முறை போக வேண்டாம். வருமானம் குறைவென்றால் மதிய உணவுச் சலுகை விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யுங்கள். அது கிடைத்தால் ஏ.பி. தேர்வுக் கட்டணமும் குறையும்.

9. சேர்ந்த பிறகு முதல் மாதம்

பெற்றோர் கணக்குக்கான குறியீடு மின்னஞ்சலில் வரும், பல பள்ளிகளில் ஜெனிசிஸ் என்ற தளம். வாராவாரம் பாருங்கள். நம் ஊர் மாதிரி ஆண்டுத் தேர்வில் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. வீட்டுப்பாடம், சின்னத் தேர்வு, செயல்முறை எல்லாம் முதல் நாளிலிருந்தே மதிப்பெண்ணில் ஏறுகின்றன. தாமதமாகச் சேர்ந்த பிள்ளைக்கு, சேரும் முன் நடந்தவற்றில் பூஜ்யம் விழுந்திருக்கும். ஆசிரியருக்கு ஒரு வரி எழுதினால் நீக்கிவிடுவார், ஆனால் எழுத வேண்டும். மகளுக்கு அப்படி ஏழு பூஜ்யம் இருந்தது.

விடுப்பு: ஜனவரியில் தாய்மாமன் கல்யாணம் என்று மூன்று வாரம் ஊருக்குப் போனால் அது அனுமதியில்லாத விடுப்பு. பள்ளியின் கையேட்டில் எத்தனை நாளுக்கு மேல் போனால் கிரெடிட் பறிபோகும் என்று இருக்கும், டிக்கெட் எடுக்கும் முன் படியுங்கள். தீபாவளி மாநிலத்தின் மத விடுமுறைப் பட்டியலில் இருப்பதால், பள்ளி அன்று நடந்தாலும் முன்கூட்டிக் கடிதம் கொடுத்து வீட்டில் இருக்கலாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை ஊர்ப் பள்ளியிலும் இன்னொன்று ரீஜனலிலும் என்றால், இரண்டு நாட்காட்டியையும் அச்செடுத்துக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். வசந்தகால விடுமுறைகூட ஒரே வாரத்தில் வரும் என்று நம்பாதீர்கள். பனி பெய்தால் ஒரு பள்ளி விடுமுறையும் இன்னொன்று இரண்டு மணி நேரத் தாமதமும் அறிவிக்கலாம், அதனால் இரண்டின் குறுஞ்செய்தி அறிவிப்பிலும் இரண்டு பெற்றோர் எண்ணையும் பதிந்துவையுங்கள்.